வியாழக்கிழமைப் புத்தகங்கள்

அம்மாவின் வலது கை விரல்கள் விரிய மறுத்தன. இருபத்தெட்டு வருடம் விளக்குமாறு பிடித்த கை, பிடித்த வாக்கிலேயே மடங்கிக் கிடந்தது. ரத்னம் அந்த விரல்களுக்கு நடுவே மஞ்சளைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, தண்ணீர்க் குடத்தோடு நின்ற பக்கத்து வீட்டு சத்யவதி குனிந்து அவள் காதருகே வந்தாள்.

"ரத்னம், பச்சைத் துணி கட்டினது என்னோடது. கொஞ்சம் எடுத்துக் குடுத்துடு."

"என்னது பச்சைத் துணி?"

"அக்காவுக்குத் தெரியும்."

"அக்கா செத்துப்போய்ட்டாங்க. தண்ணிய ஊத்து."

சத்யவதி ஊற்றினாள். பாதித் தண்ணீர் ரத்னத்தின் மடியில் விழுந்தது.

சுருட்டின் நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துக்கொண்டே பேசும் வித்தை துப்புரவுத் தொழிலாளர்கள் குடியிருக்கும் ரெல்லி வீதியில் வயதான பெண்கள் எல்லோருக்கும் தெரியும். அத்தை எர்ராயம்மாவுக்கு அப்படி வைத்துக்கொண்டே சண்டை போடவும் தெரியும். நாலு பெண்கள் சேலையை மறைப்பாகப் பிடித்து நின்ற இடத்துக்குள் தலையை நீட்டி அவள் சொன்னாள். "இடுப்புக் கயித்துல பெட்டிச் சாவி இருக்கும். அவுத்துக் குடு. உன் பெரியப்பன் மூணு தரம் கேட்டுட்டான்."

"அவருக்கு எதுக்கு எங்கம்மா பெட்டிச் சாவி?"

"பெரிய மனுசன் கேட்டா குடுக்கணும். எதுக்குன்னு கேக்கறது உங்கம்மா வளர்த்த வளர்ப்பு."

ரத்னம் சாவியை அவிழ்த்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பெரியப்பா சிம்மாசலம் வாசலில் பந்தலுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, மூங்கில் வெட்டுகிறவர்களை அதட்டிக்கொண்டிருந்தார். துப்புரவு மேஸ்திரி. விடியற்காலை ஐந்து மணிக்கு நாற்பத்திரண்டு பேருக்கு வருகை போடுகிற பேனா அவருடையது. அதனால் தெருவுக்குப் பெரியவரும் அவரே. சாவு வீட்டுக்கும் காக்கிச் சட்டையோடுதான் வந்திருந்தார். ஆறு வருடத்துக்கு முன்னால் வெல்லச் சந்தைக்குப் பின்னாலிருக்கும் பாதாளச் சாக்கடையில் அடைப்பு. கயிறு வருது, நீ இறங்கு என்று தம்பியிடம் சொன்னதும் இந்த மேஸ்திரிதான். தம்பி இறங்கினார். கயிறு வந்து சேர்ந்தபோது அதைப் பிடிக்க உள்ளே ஆள் இல்லை. அந்தத் தம்பிதான் ரத்னத்தின் அப்பா. அப்பாவுக்குக் கொள்ளிச் சட்டி தூக்கியதும் இதே பெரியப்பாதான். போன வருடம் ரத்னத்துக்கு நிச்சயமான சம்பந்தத்தைக் கலைத்ததும் அவரே. பைத்தியங்களை மேய்க்கிற வீட்டில் பெண் எடுக்காதீர்கள் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் நடுக்கூடத்தில் சொன்னார்.

அவர் சொன்ன வார்த்தைக்குக் காரணம் இருந்தது. அப்பா போன பிறகு அம்மா ஐந்து மாதம் தூங்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியின் மனநோய்ப் பிரிவு நர்ஸ் ஒருத்தி இந்தத் தெருவுக்கு வந்து, எல்லா வீட்டிலும் கதவு சாத்தப்பட்டு, கடைசியில் அம்மாவிடம் வந்து சேர்ந்தாள். அம்மா மாத்திரை சாப்பிட்டாள், தூங்கினாள். எழுந்த பிறகு சும்மா இருக்கவில்லை. வேலை முடிந்து வந்ததும் விளக்குமாற்றோடு தெருவில் நடப்பாள். யார் வீட்டில் அழுகைச் சத்தமோ, நாலு நாளாய்த் திறக்காத ஜன்னலோ தெரிகிறதோ, அந்த வாசலைப் பெருக்க ஆரம்பிப்பாள். சுத்தமாயிருக்கிற வாசலையே பெருக்குவாள். உள்ளேயிருக்கிறவர்கள் பொறுக்க முடியாமல் ஏதாவது பேசுகிறவரை பெருக்குவாள். அப்படிப் பேசியவர்களை மாதத்தின் இரண்டாம் வியாழன் பத்து மணி பஸ்ஸில் ஏற்றி, எட்டு மைல் தள்ளியிருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவாள். அங்கே துப்புரவுத் தெரு ஆட்கள் என்று இவர்களைப் பெஞ்சில் உட்கார விடமாட்டார்கள். அம்மா முதல் ஆளாக உட்கார்ந்து காட்டி, இரண்டு வருடம் சண்டை போட்டு, ஒரு பெஞ்சு வாங்கினாள்.

ரத்னத்துக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "ஊர்க் குப்பைய அள்றது போதாதா, ஊர்ப் பைத்தியத்தையும் அள்ளணுமா?" என்று ஒருநாள் கேட்டாள். அம்மா சோறு போட்டாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சு வீட்டில் எழவில்லை.

நேற்றுச் சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அம்மா எழுந்திருக்கவில்லை.

குளிப்பாட்டி முடித்து உடம்பைப் பந்தலில் கிடத்தியபோது, ஆட்கள் பந்தல் பெஞ்சில் உட்காராமல் வீட்டு வாசற்படியையே சுற்றிக்கொண்டிருப்பதை ரத்னம் கவனித்தாள். பழவண்டி தேமுடு வந்தான். கதவு நிலைக்குக் குனிந்துதான் நுழைய வேண்டிய ஆள், குழந்தை மாதிரி அவள் முன்னால் நின்றான்.

"கோடு போட்ட லுங்கித் துணி, ரத்னம்."

"உனக்குமா? எங்கம்மா என்ன ஜவுளிக் கடையா வெச்சிருந்தாங்க? பொணம் இன்னும் எடுக்கல, அதுக்குள்ள ஆளாளுக்குத் துணி கேக்கறீங்க."

தேமுடு பந்தலைப் பார்த்தான். மேஸ்திரி திரும்புவது தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டு போய்விட்டான். சத்யவதிதான் மறுபடி வந்தாள். "இன்னிக்கு ரெண்டாம் வியாழன்டி," என்றாள். "எங்க மருந்துப் புஸ்தகமெல்லாம் அக்காகிட்டதான் இருக்கு. வீட்ல வெச்சா யாராவது பார்த்துடுவாங்கன்னு அவங்களே வெச்சுக்குவாங்க. புஸ்தகம் இல்லாம மாத்திரை தரமாட்டாங்க. விசாகப்பட்டினத்து டாக்டர் ரெண்டு மணிக்குப் போயிட்டா அடுத்த மாசந்தான். போன தடவ தேமுடு பத்து நாள் மாத்திரைய விட்டான். தண்ணித் தொட்டி மேல ஏறி நின்னது நீயும்தான் பார்த்தே."

"மேஸ்திரிகிட்ட சொல்லி வாங்கிக்க வேண்டியதுதானே?"

"அந்தாளுக்குத் தெரிஞ்சா நாளைக்கு வேலை இருக்குமா? உனக்கே பண்ணலியா அவரு?"

அதே நேரத்தில் பந்தலிலிருந்து பெரியப்பாவின் குரல் வந்தது. "அந்த டிரங்குப் பெட்டிய என் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போங்கடா. காரியம் முடிஞ்சதும் நானே தொறந்து பார்த்துக்கறேன்."

வீட்டுமனைப் பட்டாவுக்குத்தான் அடிபோடுகிறார் என்று ரத்னம் நினைத்தாள். "எங்கம்மாவுக்குப் புதுச் சேலை போர்த்தணும். பெட்டிக்குள்ள இருக்கு. யாரும் தொடாதீங்க," என்று சொல்லி உள்ளே போய்க் கதவைத் தாழ் போட்டாள்.

பட்டா மேலேயே இருந்தது. அதற்குக் கீழே புதுச் சேலை. சேலைக்குக் கீழே ஒரு வெல்லக் கோணிப் பை. பைக்குள் முப்பத்தொரு மஞ்சள் புத்தகங்கள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் ஒவ்வொன்றையும் அவரவர் பழந்துணியிலிருந்து கிழித்த நாடாவால் கட்டியிருந்தாள். பச்சை, பூப்போட்டது, லுங்கிக் கோடு, ஒரு குழந்தைச் சட்டையின் பொத்தானோடு ஒன்று. ரத்னம் முடிச்சுகளைப் பார்த்துக்கொண்டே வந்தவள் ஒன்றில் நின்றாள்.

காக்கி.

இந்தத் தெருவில் காக்கிச் சட்டை ஒன்றுதான்.

பிரித்தாள். டாக்டரின் கிறுக்கல் புரியவில்லை. அதற்குக் கீழே நர்ஸ் குண்டு குண்டான எழுத்தில் எழுதியிருந்தது புரிந்தது. 'தூக்கமில்லை. சாக்கடை மூடியைத் தாண்டி நடக்கும்போது அடியிலிருந்து தம்பி கூப்பிடுவதாகச் சொல்கிறார்.' நான்கு வருடத்து முத்திரைகள், ஒரு மாதமும் விடாமல். ரத்னம் தன் நிச்சயம் முறிந்த மாதத்தைத் தேடினாள். முறிந்த நாலாம் நாள் வியாழன். அன்றைக்கும் முத்திரை இருந்தது.

அவளுக்கு முதலில் அம்மா மேல்தான் கோபம் வந்தது. மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அந்த வாரத்திலும் இந்த ஆளைக் கூட்டிப்போயிருக்கிறாள். "அவரு முன்னால ஒரு வார்த்த பேசமாட்டேன், மூஞ்சியப் பார்க்கமாட்டேன்" என்று மகளிடம் சத்தியம் செய்த அம்மா. சத்தியத்தைக் காப்பாற்றித்தான் இருப்பாள். பஸ்ஸில் அவள் முன் சீட்டில் உட்கார்ந்திருப்பாள், அவர் கடைசி சீட்டில்.

பெரியப்பா கதவைத் தட்டினார். "சேலை எடுக்க இவ்ளோ நேரமா? என்னத்த நோண்டிட்டு இருக்கே?"

அந்தக் குரலில் எப்போதும் அதிகாரம்தான் அவள் கேட்டிருக்கிறாள். இப்போது பயமும் கேட்டது. பட்டாவுக்காக இல்லை, இந்த மஞ்சள் புத்தகத்துக்காகத்தான் மூன்று தரம் சாவி கேட்டிருக்கிறார். கதவைத் திறந்து, பந்தலின் நடுவில் நின்று, இதைச் சத்தமாகப் படித்தால் போதும். நாளைக் காலை அவருடைய பேனா வேறொருவன் கையில் இருக்கும். ரத்னம் காக்கிப் புத்தகத்தை இடுப்பில் சாவிக்குப் பக்கத்தில் செருகினாள். மற்ற முப்பதையும் புதுச் சேலைக்குள் சுருட்டினாள்.

சேலையை அம்மாவின் மேல் போர்த்தும்போது புத்தகங்களை இரண்டு பக்கமும் உடம்பை ஒட்டி வரிசையாக வைத்தாள். விளிம்பிலிருந்து துணி நுனிகள் மட்டும் வெளியே தெரிந்தன. பிறகு அரிசி முறத்தோடு அம்மாவின் தலைமாட்டில் நின்றுகொண்டாள். "வாய்க்கரிசி போடறவங்க வரலாம்," என்றாள். சத்யவதியிடம் மட்டும் மெதுவாக, "குனியறப்ப அவங்கவங்க துணியப் பார்த்து உருவிக்கச் சொல்லு."

சொல் பந்தலைச் சுற்றி எப்படிப் பரவியதோ, ரத்னத்துக்குத் தெரியவில்லை. ஒவ்வொருவராக வந்தார்கள். குனிந்தார்கள், அரிசி போட்டார்கள், ஒரு கை சேலைக்குள் போய் வந்தது. சத்யவதி புத்தகத்தை இடுப்பில் ஒளித்தாள். தேமுடு சட்டைக்குள் போட்டுக்கொண்டு அம்மாவின் காலைத் தொட்டான். எதிர்வீட்டு வரலட்சுமி, பெரியப்பாவின் குப்பை லாரி டிரைவர், தினமும் அம்மாவைத் திட்டுகிற டீக்கடைக்காரர். இவர்களுமா என்று ரத்னத்துக்கு இருந்தது. செத்த பிறகும் அம்மா கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் பெரியப்பா வந்தார். யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். வருகை எடுக்கிற கண், தானே பார்த்துக்கொண்டிருக்கும். குனிந்து அரிசியைப் போட்டார். இடது கை சேலை விளிம்பில் ஊர்ந்தது. ஒரு நுனியும் இல்லை. இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

"என்ன பெரியப்பா தேடறீங்க?" என்றாள் ரத்னம், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"ஒண்ணுமில்ல."

"காக்கியா?"

அவர் கை அப்படியே நின்றது. ஆறு வருடமாக அந்த முகம் விழுவதைப் பார்க்க ஆசைப்பட்டிருந்தாள். விழுந்தது. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும், இல்லை.

"எங்கப்பா என்ன சொல்லிக் கூப்பிடறாரு?"

அவர் நிமிரவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். "அண்ணே, கயிறு வந்துருச்சான்னு கேக்கறான்."

முறத்தின் அடியில் அவர் கைக்குப் புத்தகம் போனது. அவர் அதைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு நிமிர்ந்தபோது மறுபடி மேஸ்திரியாகியிருந்தார். "நேரமாச்சு. பாடையத் தூக்குங்கடா. சட்டிய என்கிட்ட குடுங்க," என்றார்.

மணி ஒன்பதே முக்கால். சட்டி தூக்கினால் சுடுகாடு, நெருப்பு, குளியல். எல்லாம் முடிய இரண்டு மணி தாண்டும். தூக்காமல் நழுவினால் ஏன் என்று தெரு கேட்கும். அதனால் தூக்கத்தான் தூக்குவார். மாத்திரை இல்லாமல் அடுத்த மாதம்வரை சாக்கடை மூடிகளுக்கு மேலே நடப்பார். ரத்னம் சட்டியின் மேல் கையை வைத்தாள்.

"சட்டிய நான் தூக்கறேன்."

"பொட்டப்புள்ள சட்டி தூக்கறதா?" என்றாள் அத்தை.

"எங்கப்பாவக் குழியில எறக்கின கை எங்கம்மா சட்டியத் தொடக்கூடாது," ரத்னம் தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். பொய் ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு சொல்லும் ஆறு வருடமாக உள்ளே ஊறியது. "இந்தாளு சுடுகாட்டுக்கு வந்தா நான் பாடைய இங்கயே எறக்கிடுவேன். போ. என் கண்ணு முன்னால நிக்காத. போ."

இப்படி ஒருவரும் மேஸ்திரியைப் பேசியதில்லை. அவர் ரத்னத்தைப் பார்த்தார். வாய் திறந்தது. தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டது. அவர் வாயை மூடிக்கொண்டு, துண்டை உதறித் தோளில் போட்டு, தலை குனிந்தபடி நடந்தார். அவமானப்பட்டவர் போகிற திசையை யாரும் கவனிப்பதில்லை.

"உங்கம்மாவுக்கு மேல இருக்கே நீ," என்றாள் எர்ராயம்மா. பாடை கிளம்பியபோது பின்னால் திரும்பிப் பார்த்து, "இத்தன பேருக்குச் செஞ்சாளே, ஒருத்தியாவது கூட வர்றாளா பாரு. அரிசியப் போட்டுட்டு ஓடிட்டாளுங்க," என்றாள். ரத்னம் சட்டியோடு முன்னே நடந்தாள்.

ரோட்டுத் திருப்பத்தில் வழக்கம்போல் பாடையை இறக்கினார்கள். செத்தவர் காதில் மூன்று தரம் கூப்பிட வேண்டும். பதில் வராவிட்டால்தான் மறுபடி தூக்குவார்கள். ரத்னம் சட்டியைக் கீழே வைத்துவிட்டு மண்டியிட்டு, "அம்மா," என்றாள்.

பத்து மணி பஸ் அவர்களைத் தாண்டிப் போனது. ஜன்னல்களில் தெரு முகங்கள், எல்லாம் நேராகப் பார்த்தபடி. கடைசி சீட்டில் காக்கிச் சட்டை. முன் சீட்டில் யாரும் உட்காரவில்லை.

புழுதி அடங்குகிறவரை காத்திருந்து, அவள் இரண்டாம் தரம் கூப்பிடக் குனிந்தாள்.