ஆவாரைக்குக் கட்டிய காப்பு

காங்கயத்துக்குத் தெற்கே, மயிலாத்தாள் ஆடு மேய்க்கும் கொறங்காட்டுச் செடிகளுக்கு வருசம் ஒரு தடவை தாங்குதிறன் பார்ப்பார்கள். தேறிய செடி அங்கேயே இருக்கும். தேறாதது சாயங்கால பஸ் ஏறிப் போய்விடும். அதே பஸ்ஸில் சீமைக்கருவேலம் வந்து இறங்கி, அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டின கதைதான், வேறென்ன.

பக்கத்துக் காட்டில் கிளுவையும் சூரையும் அப்படித்தான் போயின. இப்போது அங்கே ஆடு கடிக்க ஒரு புல் கிடையாது. தன் காட்டு ஆவாரையும் போய்விட்டால் ஆடுகளை விற்க வேண்டியதுதான் என்று மயிலாத்தாள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

சோதிக்க வந்த அதிகாரி சகாயராஜ் தங்கமான மனுசர். முதலில் ஆட்டை விட்டார். ஆவாரை கடி வாங்கிக்கொண்டு நின்றது. அடுத்துக் காலடியில் சின்னதாகத் தீ வைத்தார். இருமிவிட்டு நின்றது. மூன்றாவதுதான் பொல்லாத சோதனை. எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, "சீமைக்கருவேலம் உங்களைவிடச் சீக்கிரம் வளருதாமே?" என்று விசாரித்தார்.

ஆவாரைக்கு முகம் செத்துவிட்டது. வேர்களை உருவி மஞ்சப்பையில் சுருட்டி வைத்தது.

"போய்ட்டு வர்றனுங்க்கா."

"செத்த இரு கண்ணு," என்றாள் மயிலாத்தாள்.

பஸ் சத்தம் கேட்டது. அவசரத்தில் ஒரு விரலி மஞ்சளை நூலில் முடிந்து, ஆவாரையின் கொப்பில் காப்புக் கட்டிவிட்டாள். காப்புக் கட்டுகிற நேரத்தில் உள்ளே இருந்தவர் அவிழ்க்கும்வரை வெளியே போகக்கூடாது, வெளியாள் உள்ளே வந்து தங்கக்கூடாது. மாரியம்மன் நோன்பிக்கு ஊரே கட்டுப்படுகிற வழக்கம் அது. ஆவாரை பையைப் பிரித்து வேரை மண்ணுக்குள் விட்டது. படிக்கட்டில் இறங்க நின்ற சீமைக்கருவேலத்திடம் கண்டக்டர் விசயத்தைச் சொன்னார். "அப்பச் சரிங்க," என்று அது சீட்டுக்குத் திரும்பியது. மயிலாத்தாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சகாயராஜ் பைக்கை எடுக்கப் போனபோதுதான் அவளுக்கு உறைத்தது. நோன்பி இல்லாமல் கட்டிய காப்புக்கு அவிழ்க்கிற நாள் ஏது?

"கோவிச்சுக்காதீங்க சார். நீங்களும் உள்ள இருந்துட்டீங்க."

"பரவாயில்லம்மா," என்று அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, ஆவாரைக்குப் பக்கத்தில் காலை ஊன்றிக்கொண்டார்.

ஐப்பசி மழைக்குத் துளிர்த்தார். மறுவருசம் புது அதிகாரி வந்து ஆட்டை விட்டார், தீ வைத்தார். பிறகு எதிரே உட்கார்ந்து, "உங்க நாற்காலியில இப்ப நான்தான் சார்," என்றார்.

"சந்தோசம்," என்றார் சகாயராஜ். தேறிவிட்டார்.

பொங்கலுக்கு முந்தின நாள் மயிலாத்தாள், காட்டுக்குள்ளேயே இருக்கும் தன் வீட்டுக் கூரையில் செருகுகிற பொங்கல் காப்புக்கு ஆவாரம்பூப் பறிக்க வந்தாள். ஆவாரையில் ஒரு கொத்துதான் இருந்தது.

"சார், உங்க தோள்லயும் ரெண்டு பறிச்சுக்கட்டுங்களா?"

அவர் அவள் கைக்கு எட்டும்படி குனிந்து கொடுத்தார்.