மலைமங்கையின் மோவாய்

…மூணே மூணு புள்ளி, அதுக்குப் போயி இவ்ளோ நேரமாடி உனக்கு, என்று அம்சவல்லி தன்னையே திட்டிக்கொண்டாள், ஊசியில் பச்சை நூல் கோத்தது கோத்தபடி தொங்குகிறது, மடியில் பொம்மை மல்லாந்து கிடக்கிறது, கறுப்பு உல்லனில் உடம்பு, பச்சை உல்லனில் இலை இலையாய்ப் பின்னிய பாவாடை, கழுத்தில் காட்டு மணி, புத்தகத்தில் போட்டிருந்ததெல்லாம் ஒன்று விடாமல் ஆயிற்று, மோவாய் மட்டும் பாக்கி. ‘மலைப் பெண்களின் அடையாளமான மூன்று பச்சைப் புள்ளிகளை மோவாயில் இடவும்.’ இடவுமாம்! எழுதின மகராசன் எந்த மலையைப் பார்த்தானோ, எந்த சினிமாவைப் பார்த்தானோ… பொழுது சாய்வதற்குள் தலைவியம்மாவின் ஜீப் புதூர்நாட்டு ஏற்றம் ஏறிவிடும். வேலூர் மாதர் சங்கத்துக்குத் தலைவி, இந்தக் கைவேலை மையத்தை நடத்துகிறவர், இவளுக்குச் சம்பளம் கொடுக்கிறவர், வந்து உட்கார்ந்ததும் கேட்பார், புத்தகம் நம்ம பொண்ணுங்களுக்கு ஒத்து வருமா அம்சவல்லி என்று. வரும் என்று சொன்னால் மலையில் இருக்கிற மையத்துக்கெல்லாம் இந்தப் புத்தகம்தான், ஊர் ஊராய்ப் பெண்கள் உட்கார்ந்து இந்த இலைக்காரியைத்தான் பின்னிப் பின்னிக் கீழே அனுப்புவார்கள். வராது என்று சொன்னால்… ஏன் வராது, உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாரே, அதற்கு என்ன சொல்வாள்? நானும் மலைக்காரிதாங்க அம்மா, இத்தனை நாளா திருப்பத்தூர்க்காரின்னு சொன்னது பொய்யிங்க என்றா?

புத்தகத்தைக் குறை சொல்லவும் வாய் வரமாட்டேன் என்கிறது, அதுதான் வயிற்றெரிச்சல். வழவழக் காகிதம், குரோஷா ஊசியைப் பிடிப்பதிலிருந்து தலை, கை, கால் என்று சுற்றுச் சுற்றாய்ப் படம் போட்டிருக்கிறான், எழுத்து தெரியாதவள்கூடப் படத்தைப் பார்த்துப் பின்னிவிடலாம், உள்ளே அடைக்க இலவம் பஞ்சு இங்கேயே கிடைக்கும், கழுத்துச் சேருகிற இடம் மட்டும் கொஞ்சம் தொளதொளவென்று வருகிறது, அதற்கு ஒரு சுற்று இறுக்கினால் போச்சு. கல்யாணப்பெண் பொம்மை, போலீஸ் பொம்மை, பால்காரி பொம்மை, எல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கிறது, பால்காரிக்குச் சும்மாட்டைக்கூட மறக்கவில்லை பாவி, பால்காரியைப் பார்த்திருக்கிறான், அதனால் மறக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் ‘மலைமங்கை’. அந்தப் பக்கத்தைத்தான் போன கூட்டத்தில் தலைவியம்மா திருப்பிக் காட்டினார், இதைப் பார்த்தியா, கொள்ளை அழகு இல்லே, நீ மலையிலேயே இருக்கிறவ, சொல்லு, இப்படித்தானே இருப்பாங்க? சுற்றிலும் பட்டுப்புடவைகள், காபி மணம், எல்லாக் கண்ணும் இவள் மேல்… வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தே அப்போ? கொழுக்கட்டை வைத்திருந்தாலாவது தேவலையே. தத்ரூபமா இருக்குதுங்கம்மா, என்றாள். தத்ரூபம்! அந்தச் சொல் எங்கிருந்து வந்து நாக்கில் ஏறிற்றோ. பெற்ற தாய் இலை கட்டினாளா? சாமைக் கொல்லையில் முட்டிக்கு மேல் சேலையைத் தூக்கிச் செருகி வெயிலில் களை பிடுங்கின செல்லிக்கு இலைப் பாவாடையா? நினைத்தால் காது மடல் இப்போதும் சுடுகிறது.

அது போகட்டும், இலையாவது சிரிப்பு. பச்சைதான் சிரிப்பில்லை. இடது மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள், மூன்று புள்ளி, மங்கிய பச்சையில். ஊரெல்லாம் இடது கையில் கடிகாரம் கட்டினால் இவள் வலது கையில் கட்டுவாள், ஏன் டீச்சர் என்று கேட்டால் பழக்கம் என்பாள், பழக்கமாவது, புள்ளி மறையக்கூடாது, அதுதான் சங்கதி. இவள் பிறந்த ஊரிலும் சரி, இங்கே புதூர்நாட்டுப் பக்கத்து ஊர்களிலும் சரி, பச்சை குத்துவது ஆகாது, குத்தினவளை வூட்டு நிலைப்படி தாண்ட விடமாட்டார்கள், அது ஊர்க்கட்டு. திருப்பத்தூர் தையல் பள்ளி விடுதியில் அத்தனை பெண்களுக்கும் பச்சை இருந்தது, வடிவுக்குத் தேள், இன்னொருத்திக்குக் கோலம், இவளுக்கு மட்டும் வெறுங்கை, காட்டுக்காரி வந்துட்டா, தேன் இன்னா வெலடி என்று வடிவு தினம் கேட்பாள், எல்லாரும் சிரிப்பார்கள், இவளும் சிரிப்பாள், சிரித்துவிட்டுப் போய்ப் படுத்து அழுவாள். அப்புறம் ஒரு சந்தை நாளில் பச்சை குத்துகிறவள் முன்னால் போய்க் கையை நீட்டிவிட்டாள். வலிக்குதா கண்ணு? இல்ல. நன்றாகத்தான் வலித்தது. அந்தக் கையோடு பொங்கலுக்கு ஊருக்குப் போனாள், காவலூர் தாண்டி, நட்சத்திரம் பார்க்கிற அந்த வெள்ளைக் கூண்டு தெரிகிற மேட்டில் இவள் வூடு, அப்பன் வேடியப்பன் கையைப் பார்த்தான், மாட்டைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். அம்மா நிலைப்படியில் குறுக்கே நின்றாள். உள்ள வராத கண்ணு, அங்கியே குந்து. களித்தட்டு வெளியே வந்தது. அதற்கப்புறம் என்ன நடந்தது, தின்றாளா, எறிந்தாளா, ஒன்றும் ஞாபகமில்லை, விடியற்காலை பஸ்ஸில் உட்கார்ந்திருந்ததுதான் ஞாபகம். பெத்தவளே வெளியில வெச்ச பிறகு எந்த மலை, எனக்கு எந்த மலை? அன்றிலிருந்து அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பொய் நான் சொல்லல, அவங்கதான் என்னைப் பொய்யாக்கினாங்க… இப்படி எத்தனை தடவை சொல்லித் தேற்றிக்கொண்டிருக்கிறாள். இப்போது பார், மலையை மறைக்கக் குத்தின அதே மூணு புள்ளியை மலைக்கு அடையாளம் என்று ஒருத்தன் அச்சடித்து வைத்திருக்கிறான், அதை இவள் கையாலேயே வைக்கச் சொல்கிறான்.

ஊசி மோவாயைத் தொட்டது. குத்திடு, யாருக்குத் தெரியப்போவுது, பொம்மைக்கு வலிக்கப்போவுதா… அப்போதுதான் இன்னா டீச்சர் இது, யாரு இவ என்று மாணிக்கம்மாள் உள்ளே வந்தாள், மையத்தில் கைவேலை கற்கிறவர்களிலேயே வாய்த்துடுக்கு அவள்தான். இவள் சட்டென்று முந்தானையால் மூடப் பார்த்தாள், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான், அதற்குள் அவள் பொம்மையைத் தூக்கிப் பார்த்துவிட்டாள். மலைப் பொண்ணாம், புத்தகத்துல போட்டிருக்குது, என்று இவள் முணுமுணுத்தாள். மாணிக்கம்மாளுக்குக் கோபம் வரும் என்று பார்த்தால் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. “அய்ய, இத்த கட்டினு வெளிய போனா ஆடு மேஞ்சிடுமே டீச்சர்!” சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தவள் பச்சை நூலைப் பார்த்ததும் நின்றாள். அது எதுக்கு? மோவாயில வைக்கணுமாம். “வாணாம் டீச்சர். எங்கள்ல பச்சை ஆவாது. பொம்மையா இருந்தாலும் வூட்டுல வெக்க வுட மாட்டாங்க.” சொல்லும்போதே அவள் கண் இவள் மணிக்கட்டில் போய் நின்றது, உடனே குரலைத் தணித்துக்கொண்டாள். “உங்களுக்கு எப்டி தெரியும், பாவம். நீங்க கீழ பொறந்தவங்க. உங்க மேல இன்னா தப்பு?” திட்டியிருக்கலாம், ஒரு வசவு வைத்திருக்கலாம், தாங்கியிருப்பாள். பாவம் என்றாளே… தெரியாமல் செய்கிறவளுக்குக் கொடுக்கிற மன்னிப்பைத் தெரிந்தே செய்கிறவள் கைநீட்டி வாங்கிக்கொள்கிறாளே, இதற்குப் பிச்சை எடுக்கலாம்.

ஜீப் சத்தம். கூட்டிப் பெருக்கின தரையில் நாற்காலி போட்டாயிற்று, தலைவியம்மா உட்கார்ந்தாயிற்று, மாணிக்கம்மாள் கதவோரம் நிற்கிறாள். புத்தகம் எப்படி அம்சவல்லி? நல்லா இருக்குதுங்கம்மா, படம் தெளிவா இருக்குது, கழுத்துகிட்ட மட்டும் ஒரு சுத்து மாத்தணும்… தலைவியம்மா பொம்மையைக் கையில் எடுத்தார், அடேயப்பா, பிரமாதமா வந்திருக்கே, ஆமா, மோவாயில புள்ளி வைக்கலையா நீ? இதுதான் இடம், சொல்லுடி, இப்போ சொல்லு. எங்க என்று தொடங்கினால் போதும், எங்க ஊர்ல, எங்க அம்மா… “இங்க பச்சை குத்த மாட்டாங்களாம் அம்மா. மாணிக்கம்மா சொன்னாங்க.” சொன்னாங்களாம்! தலைவியம்மா திரும்பி மாணிக்கம்மாளைப் பார்த்துச் சிரித்தார், அப்படியா, நல்லதாப் போச்சு, புள்ளி வேண்டாம், ஆனா இலைப் பாவாடை இருக்கட்டும், வாங்கறவங்களுக்கு அதுதான் பிடிக்கும். இவள் மாணிக்கம்மாளைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள். சரிங்கம்மா, என்றாள். புத்தகம் எல்லா மையத்துக்கும் வாங்குவதென்று ஆயிற்று, ஜீப் இறக்கத்தில் இறங்கிப் போயிற்று.

பொம்மையை மாமியாகிட்ட காட்டிட்டுத் தர்றேன் டீச்சர், வாங்க, போற வழிதானே, என்று மாணிக்கம்மாள் முன்னால் நடந்தாள், நடந்துகொண்டே தையல் துணுக்கு ஒன்றை எடுத்துப் பொம்மைக்கு இலைமேல் சேலையாய்ச் சுற்றி முட்டிக்கு மேல் செருகிவிட்டாள். பேச்சில் ஒரு கோணலும் இல்லை, அதுவே இவளுக்கு முள்ளாய்க் குத்திற்று. வூட்டு முன்னால் வந்ததும் இவள் கால் தானாக நின்றுகொண்டது, ஒவ்வொரு முறையும் நிற்கிற இடம், புளியமரத்தடிக் கல். பொம்மை நிலைப்படி தாண்டி உள்ளே போயிற்று. உள்ளே கிழவி சிரிக்கிற சத்தம். கறுப்பு உல்லனும் இலவம் பஞ்சும் உள்ளே, இவள் வெளியே… போவட்டும், அதாச்சும் போவட்டும். மாணிக்கம்மாள் பலாச்சுளைகளை இலையில் வைத்துக்கொண்டு வந்தாள், திரும்பிப் போய் இன்னோர் இலையோடு வந்தாள், இவள் பக்கத்திலேயே மண்ணில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். நீங்க உள்ள போய் துன்னுங்க மாணிக்கம்மா, எனக்கு இன்னா. “நல்லா இருக்குதே! வந்தவங்கள வெளிய வுட்டுட்டு உள்ள குந்தினு துன்னா தொண்டையில எறங்குமா?” தொண்டையில எறங்குமா… இதை எங்கே கேட்டிருக்கிறாள், இதே சொல், இதே மண்தரை, பனி இறங்குகிற நேரம்… அம்மா. அன்றைக்குத் தட்டு ஒன்றில்லை. ரெண்டு. அம்மா தன் களியையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்து பக்கத்தில் குந்தினாள், அப்பன் கூப்பிட்டும் உள்ளே போகவில்லை, பாயையும் வெளியிலேயே போட்டாள், பச்சை குத்தின கையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு படுத்தாள். அந்தப் பிடியிலிருந்து கையை மெள்ள உருவிக்கொண்டு, அம்மா கண் விழிக்குமுன்னே பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தது யார்? இத்தனை வருஷமாய் வெளியே வைத்தார்கள், வெளியே வைத்தார்கள் என்று… மாணிக்கம்மாள் சுளையிலிருந்து கொட்டையை நீக்கியபடி, பேச்சுக்குப் பேச்சாய், உங்க அம்மா எந்த ஊரு டீச்சர், திருப்பத்தூருதானா, என்று கேட்டாள். அம்சவல்லியின் வாய் நிறையப் பலாச்சுளை இருந்தது. மென்று முடிக்கிற வரைக்கும் நேரம் இருந்தது.