அறுத்த முனையில் வெளிச்சம்

அண்ணன் சிற்பி. தங்கை மின்வேலை பார்ப்பவள். அவன் கண்காட்சி எங்கே நடந்தாலும் விளக்குப் பொருத்துவது அவள் பொறுப்பு. இந்தமுறை ‘மண்ணும் ஒளியும்’ என்று தலைப்பு. மனிதன் பூமிக்கு இழைத்த தீங்கைச் சொல்லப்போகிறேன் என்று ஒரு மாதமாகப் பத்திரிகைக்காரர்களிடம் பேசிக்கொண்டிருந்தான்.

கண்காட்சிக் கூடத்தில் இருபதடி நீள அடிமரம் ஒன்று படுத்திருந்தது. உள்ளே குடைந்து, பட்டையில் துளை போட்டிருந்தான். துளைகள் வழியே வெளிச்சம் கசிய வேண்டும். புயலில் சாய்ந்த மரம் என்றான். அவள் மறுபேச்சின்றி நம்பினாள்.

திறப்புவிழாவுக்கு முதல்நாள் கம்பி இழுக்க உள்ளே தவழ்ந்தாள். மரத்தில் ஈரம் காயவில்லை. வெளியே வந்து பட்டையைத் தடவியபோது விரலில் இரும்பு தட்டியது. துணி உலர்த்தும் கொடிக்காக அப்பா அடித்த வளையம். முக்கால்வாசியை மரம் விழுங்கியிருந்தது.

அப்பாவின் வீட்டில் தன் பங்கை அவள் அண்ணனுக்கே எழுதிக்கொடுத்திருந்தாள். கேட்டது ஒன்றுதான்: பின்னால் நிற்கும் மரத்தைத் தொடக்கூடாது. அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தான்.

போய்க் கேட்டாள். இது வேறு மரம் என்றான். வளையத்தைக் காட்டியதும் குரல் இறங்கியது.

“பூச்சி அரிச்சிருந்தது. எப்படியும் விழுந்திருக்கும்.”

“முழுக்கத் தவழ்ந்துட்டுதாண்ணே வர்றேன். ஒரு பொட்டுப் பூச்சி இல்ல.”

“சொன்னா நீ ஒத்துக்கமாட்டே. அதான் சொல்லல.”

அவள் மறுபடி மரத்துக்குள் தவழ்ந்தாள். எடுத்த வேலையைப் பாதியில் விட மனம் வரவில்லை. எல்லாம் முடித்து, கடைசி விளக்கைச் சுவரோரம் இருட்டில் கிடந்த அடிமுனைக்குத் திருப்பினாள். ரம்பம் போன தடம் வழவழவென்று பளிச்சிட்டது.

மறுநாள் ஒரு பெண்மணி அதைத்தான் கேட்டார்: புயலில் விழுந்தது என்று பலகையில் போட்டிருக்கிறதே, அறுத்த மாதிரியல்லவா இருக்கிறது? அண்ணன் ஒரு நொடி தங்கையைப் பார்த்தான். புயல் தள்ளியது போதாதென்று மனிதனும் ரம்பம் வைத்தான், அதைக் காட்டத்தான் அந்த விளக்கு என்றான்.

“என் தங்கச்சியோட யோசனை அது” என்று தோளில் கைபோட்டான். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

அவள் அந்தக் கையை எடுத்துவிட்டாள்.

“நல்லா நின்னுட்டிருந்த மரம்ங்க. எங்க அப்பா வீட்டு மரம். எங்கண்ணன்தான் வெட்டினது.”

குரலை உயர்த்தவில்லை. அந்தப் பெண்மணிக்கு மட்டும் கேட்டது. அவர் அவன் பக்கம் திரும்புவதற்குள் அண்ணன் சிரித்தபடி அடுத்த விருந்தாளியிடம் போய்விட்டான்.

அவள் நேரே அப்பாவின் வீட்டுக்கு வண்டியை விட்டாள். பின்னால் அடிக்கட்டைகூட மிச்சமில்லை. தோண்டியெடுத்து சிமெண்ட் பூசியிருந்தான். அதுவரை வெயிலே கண்டிராத சமையலறைச் சுவர் முழுக்க வெயில் அடித்துக்கொண்டிருந்தது. படியில் உட்கார்ந்து அழுதாள்.

மாலையில் அண்ணன் மூன்றுமுறை போன் செய்தான். நான்காவது முறை எடுத்து, இனி விளக்குக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.