ஹெலன் ஓட்டிய படகு

வலது கைக்கு உறை ஏற மறுத்தது. அன்னம்மாள் தங்கையின் விரல்களை ஒவ்வொன்றாக நீவி, வெள்ளைத் துணிக்குள் நுழைக்கப் பார்த்தாள். வாசலில் பெட்டி வந்து இறங்கிவிட்டது. கோவிலுக்கு எடுத்துப்போக வேண்டிய நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஹெலனின் கால்மாட்டில் உட்கார்ந்து, அவளுடைய கணவர் புகழேந்தி காலுறையை மாட்டிக்கொண்டிருந்தார். விடியும்போதுதான் அவள் மூச்சு அடங்கியிருந்தது.

"இது இன்னா தம்பி?"

அன்னம்மாள் உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினாள். குறுக்கே நீளமாக ஒரு தழும்பு, புதுத்தோல் பளபளத்தது.

"ஷூ கம்பெனில ஊசி ஏறுன கைய எனக்குத் தெரியும். இது அது இல்லியே."

"கயிறு அறுத்தது, அக்கா."

"இன்னா கயிறு?"

புகழேந்தி காலுறையின் மடிப்பைச் சரிசெய்தார். பக்கத்து வீட்டு ஷபீ அஹமது தேநீர்க் கூஜாவோடு உள்ளே வந்தவர், இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, கூஜாவை ஓரமாக வைத்துவிட்டு வெளியே போனார்.

"படகுக் கயிறு" என்றார் புகழேந்தி.

தாய் இறந்த வீட்டில் ஹெலனைத் தூக்கி வளர்த்தவள் அன்னம்மாள். இனி கத்தி வைப்பதில் பலனில்லை, மாத்திரையில் ஓடுகிறவரை ஓடட்டும் என்று வேலூரில் டாக்டர்கள் சொன்ன நாளிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் தங்கைக்காகப் பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல் இருந்தாள். வேளாங்கண்ணிக்குப் போய்த் தங்கிவிட்டு வாருங்கள் என்று இருவரையும் பஸ் ஏற்றிவிட்டதும் அவள்தான். போனார்கள். மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். மறுநாள் காலையில் ஹெலன் பையைத் தூக்கிக்கொண்டு நாகப்பட்டினம் துறைமுகத்தில் நின்றாள்.

மீன்பிடிப்பை விட்ட பழைய டிராலர் ஒன்றை வைத்துக்கொண்டு, செந்தில்குமார் என்கிற இளைஞர், ஆசைப்படுகிறவர்களுக்குப் படகோட்டப் பழக்கிக்கொண்டிருந்தார். ஒரு வாரம் படகிலேயே சமைத்து, படகிலேயே படுத்து, கடலில் பழக வேண்டும். ஹெலன் அதைப் போனில் எப்போதோ பார்த்து வைத்திருந்தாள். புகழேந்திக்கே திருவாரூர் தாண்டிய பிறகுதான் சொன்னாள். அவர் வாயைத் திறப்பதற்குள், "மாதாவே கப்பல்காரங்களக் கரை சேத்தவங்கதான். கோச்சுக்க மாட்டாங்க" என்றாள்.

இதையெல்லாம் புகழேந்தி தரையைப் பார்த்தபடி சொல்லி முடித்தார். அன்னம்மாளின் கை தங்கையின் கைமேல் அப்படியே இருந்தது.

"அந்த ஒடம்ப வெச்சிக்கினா?"

"ஆமாக்கா."

"வாந்தி எடுத்தாளா?"

"தெனமும். எடுத்துட்டு வாயக் கொப்புளிச்சிட்டு மறுபடி வந்து நிப்பா. அந்தத் தம்பியே போதும்மா, கரைக்குத் திரும்பலாம்னாரு. நீ எதச் சொல்லிக்கினு இருந்த, அதச் சொல்லுன்னா."

"நீ ஓட்டி இருப்ப. பஸ்ஸு ஓட்டுன ஆளு."

புகழேந்திக்குச் சிரிப்பு வரும்போல இருந்தது. செத்த வீட்டில் சிரிக்கக் கூடாதென்று கன்னத்தைத் தடவிக்கொண்டார். ஆம்பூர், வேலூர், திருப்பத்தூர் என்று அரசு பஸ்ஸில் அவர் ஓட்டித் தேய்க்காத சாலை இல்லை. அந்த மிதப்பில்தான் படகிலும் ஏறினார். திருப்பினால் திரும்ப வேண்டும், மிதித்தால் நிற்க வேண்டும். டிராலர் இரண்டுக்கும் மசியவில்லை. சக்கரத்தைத் திருப்பினால் அது பாட்டுக்கு நேரே போகும். பொறுமை போய் இன்னும் திருப்பினால், பிறகு ஒரேயடியாகச் சுழன்றுகொள்ளும்.

"கடைசி நாளு. ஆத்து வழியா தொறைமுகத்துக்குள்ள நாந்தான் கொண்டாந்தேன். காத்து ஜாஸ்தி. ரெண்டு பக்கமும் படகு கட்டிக் கெடக்கு, நடுவுல எங்களுக்கு ஒரு சந்து. அந்தத் தம்பி கயித்தோட முன்னாடி நிக்கறாரு. நான் திருப்பறேன், திரும்பல. இன்னும் திருப்பறேன். சடார்னு மூக்கு பக்கத்துப் படகு மேல போவுது. நான் கால வெச்சி தரைய மிதிக்கறேன்."

"எதுக்கு?"

"பிரேக்குக்குக்கா. படகுல ஏது பிரேக்கு."

அன்னம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இவ பின்னாடி நின்னுக்கினு இருந்தா. கத்தல, பதறல. தள்ளுங்கன்னா. சக்கரத்த நேராக்குனா. ரிவர்ஸ போட்டா. போட்டுட்டுச் சும்மா நின்னா. எனக்கு உசுரே போவுது, ஏதாவது பண்ணுடின்றேன். 'சொன்னத அது கேட்டுக்கிச்சு, இருங்க'ன்னா. நெசமாவே நின்னுச்சுக்கா. ஒரு முழம் எடவெளில நின்னுச்சு. அப்புறம் கொஞ்சம் முன்னாடி, கொஞ்சம் பின்னாடி, ஒரு சத்தமில்லாம கொண்டாந்து அணைச்சா. அணைச்சதும் ஓடிப்போய்ப் பின்கயித்தப் புடிச்சா. அலை தூக்கிப் போட்டதுல கை அறுத்துடுச்சு. விடலியே. கட்டிட்டுதான் கையப் பாத்தா."

வெளியே யாரோ பெட்டியின் மூடியைக் கழற்றும் சத்தம் கேட்டது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அந்தக் கேள்விக்குத்தான் அவர் பயந்துகொண்டிருந்தார். "உங்க நோம்பெல்லாம் வீணாப் போச்சுன்னு நெனச்சிக்குவீங்கன்னு அவளுக்குக் கவல. பெறகு சொல்லலாம்னா. பெறகு படுத்துட்டா."

அன்னம்மாள் கோபத்தில் எழுந்து போய்விடுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் தங்கையின் உள்ளங்கையைத் தன் முந்தானையால் ஒரு தடவை துடைத்தாள். உறையை மடித்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு, உறையில்லாத அந்தக் கையை மேலாக வைத்து ஜெபமாலையைச் சுற்றினாள்.

"எடுக்கச் சொல்லு தம்பி" என்றாள்.

கல்லறையில் கூட்டம் அதிகம். ஹெலனோடு வரிசையில் உட்கார்ந்து ஷூவின் மேல்தோல் தைத்த பெண்கள், கம்பெனியில் அனுமதி வாங்கி வேன் பிடித்து வந்திருந்தார்கள். மண் போட்டு முடிந்ததும் ஃபாதர் புகழேந்தியின் தோளைத் தொட்டுவிட்டுக் கிளம்பினார். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்தார்கள். வேளாங்கண்ணி போய் வந்ததால்தான் இத்தனை மாதமாவது இருந்தாள் என்றார் ஒருவர். புகழேந்தி தலையை ஆட்டினார்.

பின்பு ஆட்கள் குறைந்தபோது அன்னம்மாளைத் தேடினார். அவள் கேட்டுக்கு அருகே வேப்பமரத்தடியில் இருந்தாள். கம்பெனிப் பெண்கள் அவளைச் சூழ்ந்து நின்றார்கள். அவள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு கைகளும் காற்றில் எதையோ பிடித்திருந்தன. ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். வேன்காரர் ஹாரன் அடித்தார், ஒருத்தியும் நகரவில்லை.

அன்னம்மாள் பாதியில் நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, அந்த ஊரு ஆத்து பேரு இன்னா சொன்ன?"

ஆற்றின் பேரை அவர் சொல்லவே இல்லை. இருந்தாலும் இரண்டடி முன்னால் வந்தார்.

"கடுவையாறுக்கா."

"கடுவையாறு" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, அன்னம்மாள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.