செவ்வாய் முதல் ஞாயிறு வரை

கூடாரத்தின் ஜிப்பைப் பாதி திறந்த கிளெண்டா அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே படுக்கைப் பை சுருட்டிய சுருட்டு கலையாமல் மூலையில் கிடந்தது. அதன் நாடா போன வருஷமே அறுந்துபோனதால், திங்கட்கிழமை சாயங்காலம் அவளே ஒரு பழைய ஷூ கயிற்றால் அதைக் கட்டி இரட்டை முடிச்சு போட்டிருந்தாள். முடிச்சு அவள் போட்டபடியே இருந்தது.

"என்னம்மா?" என்றாள் பின்னால் நின்ற மகள் ட்ரேசி.

"உங்கப்பா இதுல படுக்கவே இல்லடி."

"அதான் மோட்டல்ல இருந்தாருன்னு போலீஸ்காரர் சொன்னாரே."

"நேத்து ராத்திரி மோட்டல்ல இருந்தாரு, சரி. செவ்வாக்கெழம ராத்திரி எங்க இருந்தாரு?"

ட்ரேசி மறுபடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காலையில் தொலைபேசி வந்ததிலிருந்து அவள் அழுதுகொண்டே இருந்தாள். மூன்று மணி நேரம் காரை ஓட்டி வரும்போதும் அழுதாள். சவ அடக்க நிலையத்தில் அப்பாவின் தலை வகிடு தப்பான பக்கம் எடுத்திருப்பதைப் பார்த்து இன்னும் அதிகமாக அழுதாள். கிளெண்டாவுக்குத்தான் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. புருஷன் வெண்டல் செத்துப்போனார் என்பதை அவள் மனசு இன்னும் எடுத்துக்கொள்ளவே இல்லை. மோட்டலில் செத்துப்போனார் என்பதைத்தான் அது பிடித்துக்கொண்டு தொங்கியது.

ஹெரான் முனை மாநிலப் பூங்காவில் கடலைப் பார்த்த முதல் வரிசை இடம் கிடைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. வந்து இறங்கும் நாளுக்குச் சரியாக ஆறு மாதத்துக்கு முன்பு, விடிகாலையில், முன்பதிவு திறந்த நொடியே வெள்ளி சனிக்கான இடமெல்லாம் பறந்துவிடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் செவ்வாய்க்கிழமையே வந்து இறங்குவதாக, ஞாயிறு வரை சேர்த்துப் பதிவு செய்வார்கள். அப்படிச் செய்தால், வியாழக்கிழமைக்கு மற்றவர்கள் அடித்துக்கொள்ளும்போது இடம் ஏற்கெனவே இவர்கள் கையில் இருக்கும். ஒரே சிக்கல், முதல் ராத்திரியிலிருந்தே ஆள் தங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் இடம் போச்சு. பல் மருத்துவர் அலுவலகத்தில் கிளெண்டாவுக்குப் புதன்கிழமை வரை வேலை. ஆகவே வெண்டல் தனியாக இரண்டு நாள் முன்னால் வந்து, கூடாரம் போட்டு, இடத்தைப் பிடித்து வைத்திருப்பார். வியாழன் மத்தியானம் இவள் உருளைக்கிழங்கு சாலடோடு வந்து இறங்குவாள். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் வழக்கம்.

அந்த இரண்டு நாள் அவர் என்ன செய்கிறார் என்று அவள் கேட்டதே இல்லை. ஒரே ஒரு தடவை, நாலைந்து வருஷம் முன்னால், வியாழக்கிழமை அவரைக் கட்டிக்கொண்டபோது கழுத்தில் லாவண்டர் பூ வாசனை அடித்தது. என்ன இது என்றாள். கழிப்பறையில் புது சோப்பு வைத்திருக்கிறார்கள் என்றார். அன்று சாயங்காலமே அவள் போய் அந்த சோப்பை முகர்ந்து பார்த்தாள். அதில் ஒரு வாசனையும் இல்லை. அதற்குப் பிறகு அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

பேட்டரி வண்டி ஒன்று சரளைக்கல்லில் உருண்டு வந்து நின்றது. அதில் மெர்ல் இருந்தார். கோடை முழுக்க இங்கேயே டிரெய்லர் வீட்டில் தங்கி, முகாமைப் பார்த்துக்கொள்ளும் கிழவர். இறங்கி, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"கிளெண்டா, என்ன சொல்றதுன்னே தெரியல."

"உக்காருங்க மெர்ல். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அவரு இங்க எத்தன ராத்திரி தங்கினாரு?"

மெர்ல் வண்டியில் கிடந்த விறகுக் கட்டுகளைத் திரும்பிப் பார்த்தார். "தங்கினாருன்னுதான் வச்சுக்கணும்."

"அது என்ன, வச்சுக்கணும்?"

"கூடாரம் இருந்துச்சு. கம்பத்துல பேர் எழுதின சீட்டு இருந்துச்சு. நான் சுத்தி வர்றப்போ எல்லாம் சரியா இருந்துச்சுன்னு எழுதியிருக்கேன்."

"என் மூஞ்சியப் பாத்துப் பேசுங்க."

அவர் பார்க்கவில்லை. "இந்தப் பேச்சு வெளில போச்சுன்னா என்னத்தான் முதல்ல வீட்டுக்கு அனுப்புவாங்க, கிளெண்டா. அந்த மனுஷன் கேட்டாரு, நான் சரின்னேன். ஒரு வருஷம்னு ஆரம்பிச்சது. அவ்ளோதான். மிச்சத்த அந்தம்மாகிட்டயே கேட்டுக்குங்க."

"எந்தம்மா?"

"மோட்டல்ல. ரோண்டா." சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்பது போல் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

ரோண்டா. அந்தப் பெயரைக் கிளெண்டா வாய்க்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள்.

மெர்லுடைய வண்டி நகர்ந்ததும் சாம்பல் நிற வேன் ஒன்று மெதுவாக ஊர்ந்து வந்தது. அரை மணி நேரத்தில் இது மூன்றாவது சுற்று. ஓட்டி வந்த இளைஞன் கண்ணாடியை இறக்கினான். பக்கத்தில் ஒரு பெண் மடியில் தலையணையோடு உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க கிளம்பறீங்களா?" என்றான். "ரெண்டு பேரும் சாமான எடுத்து வைக்கிற மாதிரி இருந்துச்சு, அதான் கேட்டேன்."

"எங்கப்பா செத்துப் போயிட்டாரு," என்றாள் ட்ரேசி.

அவன் முகம் சிவந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டான், இரண்டு தடவை. ஆனாலும் வேன் ரொம்ப தூரம் போகவில்லை. கழிப்பறை அருகே போய் நின்றுகொண்டது. கடலோர இடத்துக்காகக் காத்திருப்பவர்களுக்கு வெட்கம் அவ்வளவுதான் தாங்கும்.

"நீ இதெல்லாம் மடிச்சு வை," என்றாள் கிளெண்டா. "நான் அந்தச் சாவியக் குடுத்துட்டு வரேன்."

போலீஸ்காரர் கொடுத்த பிளாஸ்டிக் பையில் பர்ஸ், கண்ணாடி, கைக்கடிகாரத்தோடு மோட்டல் அறைச் சாவியும் தவறி வந்திருந்தது. பித்தளைத் தகட்டில் ஒன்பது என்று போட்டிருந்தது. இத்தனை நேரமும் அவள் அதைக் கைக்குள் வைத்துக்கொண்டுதான் இருந்தாள். உள்ளங்கையில் அந்த எண் பதிந்திருந்தது.

நெடுஞ்சாலையைக் கடந்தால் பத்து நிமிட நடை. நடக்க நடக்க அவளுக்குக் கோபம் ஏறியது. இருபத்திரண்டு வருஷம்! பல்லில் மணல், கண்ணில் புகை, இடுப்புக்குக் கீழே வேர், கையில் டார்ச்சோடு கழிப்பறைக்கு ஓட்டம். அவளுக்கு இது எதுவுமே பிடிக்காது. ஒரு நாளும் பிடித்ததில்லை. வருஷா வருஷம் அந்த மனுஷன் விடிகாலையில் கம்ப்யூட்டர் முன்னால் மேலங்கியோடு உட்கார்ந்து, இடம் கிடைத்ததும் "கிடைச்சுடுச்சு கிளெண்டா!" என்று கத்துவாரே, அதற்காகத்தான் வந்தாள். அவர் சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வராமல்தான் வந்தாள். அவரோ இங்கே மெத்தையில் ரோண்டாவோடு.

பெலிகன் விடுதியின் முன்னறையில் அறுபது வயதுப் பெண்மணி ஒருத்தி துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். செம்பட்டை முடி, மூக்கு நுனியில் கண்ணாடி. கிளெண்டாவைப் பார்த்ததும் கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தாள்.

"நீங்கதான கிளெண்டா," என்றாள்.

"என்னை எப்படித் தெரியும்?"

"உங்களப் பத்தி அவரு பேசாத நாள் உண்டா?"

இந்த பதில் கிளெண்டாவுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. சாவியை மேஜையில் வைக்காமல், "அறையப் பாக்கணும்," என்றாள்.

ஒன்பதாம் அறையை இன்னும் யாரும் சுத்தம் செய்யவில்லை. ஒற்றைப் படுக்கை. தலைமாட்டில் ஒரு தலையணை குழிந்து கிடந்தது. இன்னொன்று போர்வைக்கு அடியில் கிடந்தது. கிளெண்டா அதை வெளியே இழுத்து, திருப்பிப் பார்த்தாள், முகர்ந்தும் பார்த்தாள். நீளமான முடி ஏதும் ஒட்டியிருக்கவில்லை. குளியலறைக்குப் போனாள். தொட்டி விளிம்பில், வெந்நீரில் கரைத்துக் குளிக்கிற உப்பு அடைத்த ஊதா நிற டப்பா. மூடியைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. லாவண்டர்.

"இது யாரோடது?"

"அவரோடதுதான்."

"எங்க வீட்ல அவரு தொட்டில உக்காந்து குளிச்சதே கிடையாது. பூ வாசன உப்பு போடற ஆளும் இல்ல. நான் சின்னப் பொண்ணு இல்ல ரோண்டா. நீங்க சொல்றதக் கேட்டுட்டுப் போயிடறேன், சண்டைக்கு வரல. யாரு அது? நீங்களா?"

சிரிப்பா அழுகையா என்று தெரியாத மாதிரி ரோண்டாவின் வாய் கோணியது.

"அடக் கடவுளே. இல்லம்மா. யாரும் இல்ல. பன்னெண்டு வருஷமா இதே ரூமு, ஒத்த ஆளு. தரையில படுத்தா முதுகு போயிடும் அவருக்கு. நாலு நாள் டென்ட்ல கண்ணு மூட முடியாது, அதனால முன்னாடியே ரெண்டு நாள் தூங்கி சேத்து வச்சுக்கறேன்னுவாரு. உப்பு நான்தான் குடுத்தேன், முதுகுக்கு. ஒரு தலகாணி முட்டிக்கு அடியில வைக்க. காலைல அஞ்சரைக்கெல்லாம் காபிக்கு வந்துடுவாரு. இன்னிக்கு ஏழாகியும் வரலன்னுதான் போய்க் கதவத் தட்டினேன்."

கிளெண்டா தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"அவ்ளோ கஷ்டம்னா எதுக்கு வரணும்? எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நானும் கேட்டேன். அதெப்படி ரோண்டா சொல்றதுன்னாரு. என் பொண்டாட்டிக்கு இதுன்னா உசுரு. வருஷம் முழுக்க யாரோ ஒருத்தனோட பல்லுக் கணக்க எழுதிட்டு உக்காந்திருக்கா, இந்த நாலு நாளுக்காகத்தான் உசுர வச்சிட்டிருக்கான்னாரு. அவகிட்ட மட்டும் வாய் விட்டுடாதன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காரு." ரோண்டா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "இன்னிக்கு அத மீறிட்டேன்."

இருவரும் ஒன்றாகவே வந்த முதல் வருஷம் கிளெண்டாவுக்கு ஞாபகம் வந்தது. கூடாரம் போடத் தெரியாமல் சாயங்காலம் முழுக்கத் திண்டாடி, சுத்தியலால் கட்டை விரலை நசுக்கிக்கொண்டு, நகம் கறுத்துப்போய், மறுநாள் காலை வெண்டல் கேட்டார், எப்படி இருக்கு என்று. ராத்திரி முழுக்கக் கண் மூடாத அவள், அந்த விரலைப் பார்த்துவிட்டு, ரொம்ப நல்லா இருக்கு என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

வேறு ஒரு பெண் இருந்திருந்தால்கூட அவர்மேல் இவ்வளவு கோபம் வந்திருக்காது. அவர் எதிரில் நின்றிருந்தால் அடித்திருப்பாள். இப்போதுதான் அவர் இல்லை என்பது அவளுக்கு உறைத்தது. ஊதா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத அந்தப் பெண்மணியின் முன்னால் அவள் வாய்விட்டு அழுதாள். ரோண்டா ஒரு துண்டை எடுத்து நீட்டினாள்.

திரும்பி வந்தபோது ட்ரேசி எல்லாவற்றையும் மடித்துக் காரில் ஏற்றியிருந்தாள். கூடாரம் இருந்த இடத்தில் புல் நீள்சதுரமாகப் படிந்து கிடந்தது.

"அம்மா, நான் ஒண்ணு யோசிச்சேன்," என்றாள் ட்ரேசி. "அப்பாவோட சாம்பல இங்கயே கரைச்சுடலாம். வருஷா வருஷம் நாம வருவோம். அவருக்கு இந்த இடம்னா அவ்ளோ உசுரு. நான் பதிவு பண்றேன், அந்த செவ்வாக்கெழம வித்தையெல்லாம் எனக்கும் தெரியும்."

கிளெண்டா மகளின் வீங்கிய கண்களைப் பார்த்தாள். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மகள் சந்தோஷப்படுவாள். அது நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"வேண்டாண்டி," என்றாள். "எனக்கு இது பிடிக்காது."

"என்னது?"

"டென்ட்டு. ஒரு நாளும் பிடிச்சதில்ல. உங்கப்பாவுக்கும்தான். வழியில சொல்றேன்."

கிளெண்டா போய்க் கம்பத்திலிருந்த சீட்டை உருவினாள். குடும்பப் பெயர் ப்ரூயிட், செவ்வாய் முதல் ஞாயிறு வரை. அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, தூரத்தில் நின்ற மெர்லைப் பார்த்துத் தலையசைத்தாள். ரத்து என்று எழுதியதும் முதலில் கேட்டவர்களுக்குத்தான் இடம். முதலில் கேட்டது யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

சாம்பல் வேன் கூச்சத்தோடு வந்து நின்றது. ட்ரேசி நாற்காலிகளைக் காரின் பின்னால் செருகிக் கதவை அடைப்பதற்குள் அந்த இளைஞன் கூடாரத்தை விரித்து, முளை அடிக்க ஆரம்பித்துவிட்டான். தப்பான பக்கம் அடித்துக்கொண்டிருந்தான். காற்று துணியைப் பிடுங்கியது. அந்தப் பெண் தலையணையை அணைத்தபடி கழிப்பறை எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்கு?" என்று அவன் நிமிர்ந்து கத்தினான்.

"ரொம்ப நல்லா இருக்கு," என்றாள் அவள்.

கார்க் கதவைத் திறக்கப்போன கிளெண்டா நின்றாள். நேற்று ராத்திரியே செய்து பனிப்பெட்டியில் வைத்திருந்த உருளைக்கிழங்கு சாலடை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணிடம் போனாள். கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"நிஜமாவே பிடிச்சிருக்காம்மா?"

அந்தப் பெண் பதில் சொல்வதற்கு முன் ஒரு தடவை தன் கணவனைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.