கொமிசனிலை குடுத்தனான்

முப்பது வருடமாக மற்றவர்களுடைய வாயாக இருந்து சீவிக்கிறேன். பெயர் நகுலேஸ்வரன். மொன்ட்ரியாலில் அகதி மனுக்களை விசாரிக்கும் சபையில் தமிழுக்கும் பிரெஞ்சுக்கும் நடுவே இருக்கிற மொழிபெயர்ப்பாளன். நெல்லியடியிலிருந்து எண்பத்தாறில் வெளிக்கிட்டவன் என்றாலும், தமிழில் எனக்குத் தெரியாத சொல் இல்லை என்று ஒரு திமிர் இருந்தது. போன மார்ச்சில் அது உடைந்தது.

அன்றைய மனு பிரியந்தியுடையது. மன்னார்ப் பிள்ளை, தையற்காரி, முப்பத்தைந்து வயதிருக்கும். காணாமல்போன தம்பியைத் தேடித் திரிந்ததற்காகச் சீருடை போடாத ஆட்கள் கடைக்கு வந்து மிரட்டியிருக்கிறார்கள். மொன்ட்ரியால்-நோர் பகுதியில் சொந்தக்காரர் வீட்டில் ஒண்டிக்கொண்டு, இந்த நாட்டில் இருக்க விடுங்கள் என்று கேட்கிறாள். சபை மறுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

விசாரித்தவர் ஐம்பது கடந்த ஒரு பெண் உறுப்பினர். இப்படியான மனுக்கள் எல்லாம் சிக்குகிற கேள்வியை அவரும் கேட்டார்: "உங்கள் அரசிடம் பாதுகாப்புக் கேட்டீர்களா?"

பிரியந்திக்கு மெல்லிய குரல். "பொலிசிலை எடுக்கேல்லை. பேந்து கொமிசனிலை குடுத்தனான்," என்றாள்.

'கொமிசனில்' என்பதைத்தான் எங்கள் பேச்சில் 'கொமிசனிலை' என்போம்; அந்த 'இலை' என் காதில் ஏறவில்லை. 'கொமிசன் குடுத்தனான்' என்றே கேட்டது. நான் ஊரில் இருந்த காலத்தில் கொமிசன் என்றால் காணித் தரகர் வாங்குவது. பிரெஞ்சிலும் 'கொமிசியோன்' என்று அதே சொல் உண்டு, அதற்கு ஒன்றுக்கு மேல் அர்த்தம். அதை அப்படியே சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். அதிமேதாவி அல்லவா நான்! 'லஞ்சம் கொடுத்தேன்' என்று விளக்கமாகச் சொல்லிவைத்தேன்.

"யாருக்கு?" என்றார் உறுப்பினர்.

"கச்சேரியிலை இருந்த ஒப்பீசருக்கு." மாவட்ட அரச அலுவலகத்தைத்தான் ஊரில் கச்சேரி என்போம்.

"பதிலுக்கு என்ன கிடைத்தது?"

"ஒரு துண்டு தந்தவை."

ஒவ்வொரு பதிலும் என் பிழைக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. உறுப்பினர் முகம் இறுக எழுதிக்கொண்டிருந்தார். பிரியந்தியோ நன்றாகத்தான் பதில் சொல்கிறோம் என்ற நம்பிக்கையில் நிமிர்ந்து இருந்தாள்.

அந்தத் துண்டு கையில் இருக்கிறதா என்று அவளுடைய வழக்கறிஞர் கேட்டார். கைப்பையிலிருந்து நாலாக மடித்த தாள் வந்தது. அதை வாசித்துச் சொல்லும்படி என்னிடமே தந்தார்கள். தலைப்பில் 'சனாதிபதி விசாரணை ஆணைக்குழு' என்று இருந்தது. கீழே, 'முறைப்பாடு பெற்றுக்கொள்ளப்பட்டது.'

அட மடையா, கொமிசன் என்று அவள் சொன்னது ஆணைக்குழுவை!

துண்டை வாசித்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். அப்போது அவள்தான் கதையை மாற்றுகிறாள் என்று ஆகும். பொய்க்காரி என்று மனு தள்ளுபடியாகும். நான் மெத்ரோ ரயில் ஏறி நோத்ர-டாம்-த-கிரேஸில் உள்ள வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவேன். உண்மையைச் சொன்னாலோ, ஏற்கெனவே ஒரு எச்சரிக்கைக் கடிதம் வாங்கியவன். இரண்டாவது பிழைக்கு மொழிபெயர்ப்பாளர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். அறுபத்துமூன்று வயதில் வேறு என்ன வேலைக்குப் போவது? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு நிமிடம் யோசித்தேன்.

"மொழிபெயர்ப்பாளர் பிழை விட்டுவிட்டார். இவர் லஞ்சம் கொடுக்கவில்லை. ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தவர்," என்றேன். அங்கே என்னைப் பற்றி நானே அப்படி மூன்றாம் ஆள்போலத்தான் சொல்லவேண்டும்.

உறுப்பினர் என்னை நீளமாகப் பார்த்தார். எழுதியதைக் கோடு போட்டு வெட்டினார். என் பெயரையும் எங்கோ குறித்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "அந்த ஆணைக்குழு அரசியல் யாப்பில் உள்ளதா, சட்டத்தால் அமைந்ததா, சனாதிபதியின் கட்டளையால் வந்ததா?"

நியாயமான கேள்விதான். யாப்பில், அதாவது அரசியலமைப்பில், இருப்பதை இலேசில் அசைக்க முடியாது. சட்டத்தால் வந்ததை இன்னொரு சட்டம் கலைக்கலாம். கட்டளையால் வந்ததற்குத் தவணை முடிந்தால் கதை முடிந்தது. ஆனால் முறைப்பாட்டுத் தாளோடு வரிசையில் நிற்கிறவர்களில் யார் இதையெல்லாம் விசாரித்துவிட்டு நிற்கிறார்கள்? எனக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் சொன்னேன்.

"உந்த வித்தியாசம் எனக்குத் தெரியாது அண்ணை," என்றாள் பிரியந்தி. "அவங்கள் திரும்ப வந்து வெருட்டினாப் பிறகு நான் அதே அறைக்குப் போனனான். அங்கை கலியாணப் பதிவு நடக்குது. கொமிசன் முடிஞ்சுதாம்." பிறகு உறுப்பினர் பக்கம் கைகாட்டி, "இஞ்சை இருக்கிற இவை எதிலை? யாப்பிலையோ?" என்று கேட்டாள்.

என்னிடம் கேட்டதுதான். ஆனாலும் அறையில் சொல்லப்படுவதெல்லாம் அடுத்த மொழிக்குப் போகவேண்டும். சொன்னேன்.

உறுப்பினர் பேனையை மேசையில் வைத்தார். "இல்லை. சட்டத்தால் வந்தவர்கள். நாடாளுமன்றம் நினைத்தால் எங்களையும் கலைக்கலாம்."

"அப்ப, கலைக்க முதல் என்ரை முடிவைச் சொல்லச் சொல்லுங்கோ."

வழக்கறிஞர் தலையில் கைவைத்தார். நான் ஒரு எழுத்தும் குறைக்காமல் பிரெஞ்சில் சொன்னேன். உறுப்பினர் எழுந்து உள்ளே போனார். இருபது நிமிடத்தில் திரும்பி வந்து வாசித்தார்: மனுதாரர் தன் அரசிடம் கேட்டிருக்கிறார், கேட்ட இடம் இப்போது இல்லை, ஆகவே மனு ஏற்றுக்கொள்ளப்படுகிறது.

பிரியந்தி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். காரணங்களை எல்லாம் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு வந்தேன். கடைசி வசனத்துக்கு வந்தேன்.

"நீங்கள் இஞ்சையே இருக்கலாமாம், தங்கச்சி."

அந்தத் தங்கச்சியை உறுப்பினர் சொல்லவில்லை. அதையும் என் பிழைக் கணக்கில் எழுதட்டும்.