சான் பிரிஸ்கோ பேட்டையின் சாயக்காரன்

சான் பிரிஸ்கோ பேட்டையின் சாயக்காரன் வன்னூச்சோ பிறந்தது ஆயிரத்து முந்நூற்றுப் பதினாறாம் ஆண்டு. ரோக்காசெல்வா நகரத் திருவிழாவில் அவன் முதன்முதலாக நடுவர்கள் முன்னால் துணி முக்கிக் காட்டியபோது, வெளியூரிலிருந்து வந்த மூன்று பேராசிரியர்களும் அவனுக்குப் பத்துக்கு நாலு மதிப்பெண் போட்டார்கள். வஞ்சனையாகப் போட்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. தொட்டியிலிருந்து எடுத்த துணி காற்றுப் பட்டதும் பச்சை மாறி நீலமாகத்தான் ஆனது, ஆனால் திட்டுத் திட்டாக ஆனது. நீலச்சாய இலையை ஊறப்போட்டவன் இடையில் எழுந்து ஒருமுறைகூடக் கிண்டிவிடவில்லை. சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டான். பழைய காலத்து ஆட்கள் எல்லாரும் தொழிலில் புலிகள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்தக் காலத்திலும் சோம்பேறிகள் இருந்தார்கள், ரோக்காசெல்வாவுக்கு வாய்த்தது அவர்களில் ஒருவன்.

அவன் வந்த விதம் இதுதான். அந்த ஊரில் நாலு பேட்டைகள். ஜூன் மாதம் பத்து நாள், ஒவ்வொரு பேட்டையும் தன் சந்துகளை ஆயிரத்து முந்நூற்று ஐம்பதாம் ஆண்டுக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். பார்க்க வருகிறவர்கள் ஜெர்மனியிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் பேருந்து பேருந்தாக வந்து இறங்குவார்கள். ஊரின் பாதிப் பிழைப்பு அதில்தான். அச்சு அசலாகச் செய்கிற பேட்டைக்குக் கொடி. மின்சார மீட்டருக்குச் சாக்கு, தபால்பெட்டிக்குக் கோரைப்பாய், சன்னல் கண்ணாடிக்குப் பதில் மெழுகு தேய்த்த துணி. ஒரு பிளாஸ்டிக் பொத்தான் கண்ணில் பட்டாலும் மதிப்பெண் போச்சு. சான் பிரிஸ்கோ பேட்டை கொடியைக் கண்ணால் கண்டு ஒரு தலைமுறை ஆகியிருந்தது. இரும்புக்கடை வைத்திருந்த பேட்டைத் தலைவர் ஒட்டோரினோவுக்கு அந்த வருஷம் ரோஷம் வந்துவிட்டது. சாயக்காரர் சந்தில் மழைநீர்க் குழாயைக்கூடப் பெயர்த்தெடுத்து வண்டியில் ஏற்றினார். கடைசியில் மிஞ்சியது நேவியா வீட்டு வாசலில் இருந்த அழைப்புமணிப் பொத்தான் ஒன்றுதான். மருந்துக்கடையில் வேலை பார்த்துவந்த நேவியாதான் அந்தச் சந்தின் சாயத்தொட்டிக்குப் பொறுப்பு. திருப்புளியால் அதைக் கழற்றி, பக்கத்துத் தெருவில் இருந்த தங்கை இல்தேயின் வீட்டில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். தொட்டியருகே வன்னூச்சோ நின்றிருந்தான். அவன் காலத்துச் சாராயக்கடையிலிருந்து ஒண்ணுக்குப் போக எழுந்தவன் சந்து மாறி வந்துவிட்டானாம். தொட்டியைப் பார்த்ததும், இங்கேயும் வேலையா என்று ஒரு பெருமூச்சு விட்டான்.

அவனைத் தேட யாரும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முந்திய கொள்ளைநோயில் மனைவி, பிள்ளை, முதலாளி எல்லாரும் போய்விட்டார்கள். ஆகவே அவன் அவசரப்படவில்லை. பார்க்க வந்தவர்களின் அரைக்கால்சட்டையையும் கேமராவையும் அவன் லட்சியமே செய்யவில்லை. தூர தேசத்து யாத்ரீகர்கள் என்று எண்ணிக்கொண்டான். வந்துபோகிறவர்கள் கணக்கில் வரமாட்டார்கள் என்பது பிறகு ஊருக்குப் புரிந்தது. ஊர்க்காரர்களுடைய பொருள்தான் கணக்கு. ஊர்க்காரர் யாராவது மூக்குக்கண்ணாடியோடு சந்துக்குள் நுழைந்தால் வன்னூச்சோ வெளுத்துப்போவான், பின்னாலிருக்கும் சுவர் அவன் வழியாகத் தெரியும். எனவே சந்துமுனையில் ஒரு கூடை வைத்தார்கள். கடிகாரம், கண்ணாடி, பல்செட்டு எல்லாம் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கடைசி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோயில் மணி அடித்துத் தெருவிளக்கு எரிந்ததும் அவன் பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தின் நடுவிலேயே இல்லாமல் போனான். அடுத்த ஜூனில் சாக்கு கட்டி முடித்ததும் மீதி வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டு நின்றான். நகராட்சி அவனைத் திருவிழாத் தொண்டர்களில் ஒருவனாகச் சேர்த்துக்கொண்டது. காப்பீட்டு அலுவலகம் பிறந்த வருஷத்தைப் பற்றி ஒருமுறை விசாரித்தது, பதில் வந்தபின் மறுபடி விசாரிக்கவில்லை.

நேவியாவுக்கு அப்போது முப்பத்துநாலு வயது, அவனுக்கும் அதே. அவன் வேலையை அவள்தான் செய்தாள், அவன் பக்கத்தில் உட்கார்ந்து கதை விட்டான். பிஷப் ஒருவர் கழுதையிலிருந்து விழுந்த கதையை அவன் சொல்லும்போது அவள் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். மருந்துக்கடையில் வருஷம் முழுக்க அவள் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. மூன்றாம் திருவிழாவில் அவன் அவள் கையைப் பிடித்தான். சாயம் ஒட்டிக்கொண்டது. அடுத்த மார்ச் வரைக்கும் அவள் உள்ளங்கை நீலமாகவே இருந்தது. மாத்திரை வாங்க வந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள், ஒருவரும் கேட்கவில்லை. அந்த ஊரில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும், கேட்பதுதான் மரியாதைக்குறைவு.

பேட்டை மட்டும் தோற்றுக்கொண்டே இருந்தது. காகிதம் செய்கிற பேட்டைக்காரர்கள் கொடியை வாங்கிக்கொண்டு போகும்போது ஒட்டோரினோவைப் பார்த்து, "என்ன தலைவரே, உங்க ஆளு இந்த வருசமாச்சும் முழிச்சுக்கிட்டானா?" என்பார்கள். மனுஷனுக்குச் சோறு இறங்காது. ஒரு வருஷம் அவர் யாரிடமும் சொல்லாமல் ஒரு மீட்டரின் சாக்கை விரலளவு விலக்கிவிட்டார். வன்னூச்சோ வரவில்லை. நேவியா பத்து நாளும் தொட்டிப் பக்கம் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள், துணியை அவளே முக்கினாள், வானம்போல ஒரே சீராக வந்தது நீலம். அப்படியும் பேட்டை தோற்றது, ஏனென்றால் நடுவர்கள் கண்ணில் அந்த மீட்டர் பட்டுவிட்டது. விளக்கு எரிந்த பிறகு ஒட்டோரினோ அவள் வீட்டு வாசலுக்கு வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். அவள் திட்டவில்லை. ஒரே ஒரு சொல்தான் சொன்னாள்.

"ஒரு வருசத்த எடுத்துட்டீங்கண்ணே."

அவர் வீட்டுக்குப் போய் அழுதார் என்று அவர் மனைவியே சொல்லியிருக்கிறாள். அதன்பின் சாகும்வரைக்கும் சாக்கு கட்டுகிற வேலையை அவர் வேறு யார் கையிலும் விடவில்லை.

ஆனால் எடுத்தவர் அவர் மட்டுமா? காலம் எடுத்துக்கொண்டேதான் இருந்தது. அவளுக்கு ஒரு திருவிழாவுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு குளிர்காலம், ஒரு பல்வலி, இரண்டு சாவுவீடு. அவனுக்கு நடுவே ஒன்றும் இல்லை, விளக்கு எரியும், கண் சிமிட்டுவான், விளக்கு அணைந்திருக்கும். அவளுக்குப் பதிமூன்று வயது கூடியபோது அவனுக்கு நாலைந்து மாதம்தான் கூடியிருந்தது. ஒரு ஜூன் காலையில் அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். கேலிக்குச் சொல்கிறானா நிஜமாகவே கேட்கிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ஏ புள்ள, நான் கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள நீ எதுக்கு இம்புட்டு அவசரமாக் கெழவி ஆவுற?"

அவள் சிரித்துவிட்டு, உள்ளே போய் மாவுச்சாக்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அவள் பயந்தது சாவுக்கு அல்ல. இன்னும் கொஞ்ச நாளில், அவனுடைய கணக்கில் ஒரு மழைக்காலம் முடிவதற்குள், அவன் தோளில் சாய்ந்திருப்பவள் அவன் அம்மா மாதிரி இருப்பாள். அப்புறம் ஒரு நாள் அவன் கண் சிமிட்டித் திறந்தால் முக்காலி காலியாக இருக்கும், என்ன நடந்தது என்றுகூட அந்தப் பாவிக்குப் புரியாது.

அவள் யோசித்தாள். புதிய பொருள் இருந்தால் அவன் இல்லாமல் போகிறான் என்றால், தன்னிடம் புதிய பொருள் ஒன்றுமே இல்லாவிட்டால் விளக்கு எரியும்போது தானும் அவனோடு போகலாமே. சந்துப் பெண்கள் கூடி உட்கார்ந்து இதை அலசினார்கள். உள்ளாடையின் எலாஸ்டிக் கூடாது என்றாள் ஒருத்தி. கடைவாய்ப் பல்லில் அடைத்த ஈயம் கூடாது என்றாள் இன்னொருத்தி. நேவியா பல்லைப் பிடுங்கிக்கொண்டாள். அப்புறம்தான் பெரிய சிக்கல் வந்தது. ஐம்பது வருஷமாகத் தின்றதெல்லாம் உடம்பில்தானே இருக்கிறது? தக்காளி, உருளைக்கிழங்கு, மக்காச்சோளம், மிளகாய், எதுவும் அந்தக் காலத்தில் அந்த நாட்டில் கிடையாது. ஒரு வருஷம் முழுக்க அவள் வெங்காயமும் கொண்டைக்கடலையும் கீரையும் தின்று கிடந்தாள். தக்காளி இல்லாத பாஸ்தாவைத் தனியாக உட்கார்ந்து தின்கிற பெண்ணை அந்த ஊரில் துறவிக்கு மேலே வைத்துப் பார்த்தார்கள்.

கடைசி ஞாயிறு வந்தது. மணி அடித்தது, விளக்கு எரிந்தது. அவன் கையை இறுக்கிப் பிடித்திருந்த நேவியா வெளுத்தாள், அவள் வழியாகச் சுவரின் செங்கல் தெரிந்தது, அவ்வளவுதான். மறுபடி கெட்டியாகிவிட்டாள். அவன் போய்விட்டான். அன்று காலையில் இல்தே வீட்டுக்குப் போனவள், வழக்கம்போல இல்தே நீட்டிய காப்பியை வழக்கம்போல நின்ற வாக்கிலேயே ஒரே மடக்காகக் குடித்திருந்தாள். பன்னிரண்டு மாதத்தில் எத்தனையோ விட்டவளுக்கு, காப்பி ஒரு சாப்பாட்டுப் பொருள் என்பதே தோன்றவில்லை. மூச்சு விடுவதை யாராவது பட்டியலில் சேர்ப்பார்களா? காப்பியும் அந்தக் காலத்தில் அந்த நாட்டில் கிடையாது, அவளோ தினமும் குடித்திருக்கிறாள். இல்தே பழக்கத்தில் நீட்டினாளா, தெரிந்தே நீட்டினாளா என்பதில் பேட்டை இன்றைக்கும் இரண்டாகப் பிரிந்துதான் கிடக்கிறது.

நேவியா கேட்கவே இல்லை. இல்தேதான் இலையுதிர் காலத்தில் ஒரு நாள், துணி மடித்துக்கொண்டிருந்தவள், மடிப்பதை நிறுத்திவிட்டு ஆரம்பித்தாள்.

"வருசத்துல பத்து நாளுக்காக மிச்ச நாளையெல்லாம் தூக்கிக் குப்பையில போடப்போறியாக்கா?"

"மிச்ச நாள்ல நான் என்ன பண்றேன்னு நீயே சொல்லு. எண்ணிக்கிட்டிருக்கேன்."

"நான் இருக்கேன்ல? எனக்கு யாரு இருக்கா?"

"உனக்குப் புருசன் இருக்கான். அவன் உன்கூடவே கெழவனாவுறான். அது எவ்வளவு பெரிய குடுப்பினைன்னு உனக்குத் தெரியாதுடி."

அக்காள் தங்கை இருவரும் அன்று மடித்த துணிகளை மறுபடி உதறி மறுபடி மடித்தார்கள். மறுநாள் காலையில் நேவியா போனபோது அடுப்பில் காப்பிப் பாத்திரம் இல்லை. அதைப் பரணில் ஏற்றிவிட்டிருந்தாள் இல்தே. கிண்ணத்தில் வாற்கோதுமைக் கஞ்சி இருந்தது. அந்த வருஷம் முழுக்க இல்தேயும் அதையே குடித்தாள். காலை எழுந்ததும் தலைவலியோடு எல்லார்மேலும் எரிந்து விழுந்தாள், அவள் புருஷன் கடைத்தெருவுக்குப் போய்க் காப்பி குடித்துவிட்டு வாய் கொப்பளித்துக்கொண்டு வருவான். தங்கை தன்னை அனுப்பிவைக்கத் தயாராகிவிட்டாள் என்பது நேவியாவுக்குப் புரிந்தது. கஞ்சியைக் குடித்தபடியே அவள் இல்தேயின் முகத்தை நிறையப் பார்த்துவைத்துக்கொண்டாள்.

அடுத்த திருவிழாவின் கடைசி ஞாயிறு சந்தே கூடி நின்றது. இல்தே கண்ணாடியைக் கூடையில் போட்டுவிட்டு, ஒன்றும் சரியாகத் தெரியாமல் தடவிக்கொண்டு கிட்டத்தில் வந்து அக்காவின் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். மணி அடித்தது. நேவியா இல்தேயைப் பார்த்தபடியே கண் சிமிட்டினாள். திறந்தபோது இல்தே அதே இடத்தில்தான் நின்றிருந்தாள், ஆனால் கறுப்பு உடுத்தியிருந்தாள். அவள் புருஷன் பிப்ரவரியில் போய்விட்டிருந்தான். "எப்படி, எப்படி" என்று நேவியா கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுக்கு அவன் ஒரு நொடிக்கு முன்னால் அதோ அந்தச் சுவரோரம் நின்றவன். எல்லாரும் அழுது முடித்து நாலு மாதமான சாவுக்கு அவள் ஒருத்தி மட்டும் அன்றைக்கு அழுதாள். கொடுப்பினை என்று தான் சொன்ன சொல் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. தங்கைதான் அவளைத் தேற்ற வேண்டியிருந்தது.

அதன்பிறகு எல்லாம் ஒழுங்குக்கு வந்தது. வருஷத்துச் செய்தி எல்லாவற்றையும் முதல் நாளே ஒரேயடியாகக் கொட்டிவிடுவார்கள்: யாருக்குக் கல்யாணம், யார் போனார், ஆலிவ் எண்ணெய் என்ன விலை. லிரா நாணயம் போய் யூரோ வந்ததை நேவியா ஒரு கண்சிமிட்டலில் கடந்தாள். ஒட்டோரினோ இரண்டு சிமிட்டலுக்கு நடுவில் போய்ச் சேர்ந்தார், சாக்கு கட்டும் வேலை அவர் மகளுக்கு வந்தது. நடுவர்கள் நேவியாவுக்கு எட்டுப் போடுகிறார்கள், வன்னூச்சோவுக்கு நாலு. பேட்டை இன்னும் ஜெயிக்கவில்லை. ஆனால் அந்த இருவரும் தொட்டிப் பக்கம் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொள்வதைப் பார்க்கவே வெளியூர்க்காரர்கள் அங்கே கூட்டம் போடுகிறார்கள். நேவியாவுக்கு ஐம்பது ஆகப்போகிறது. அவனுக்கு முன்நெற்றியில் முதல் நரை வந்துவிட்டது, அதை அவள்தான் கண்டுபிடித்துச் சந்து முழுக்கக் காட்டினாள்.

இல்தே மட்டும் ஒரு வருஷத்தை ஒரு வருஷமாகவே வாழ்ந்தாள். முதல் சில வருஷம் குளிர்காலம் முழுக்க அக்காவிடம் சொல்வதற்குச் செய்தி சேர்த்துவைத்தாள். பிறகு பாதி மறந்துபோனது. ஒரு திருவிழாவின் முதல் நாள், இடுப்பு உடைந்து தேறியவள், மரக் கைத்தடியை ஊன்றிக்கொண்டு மெள்ளச் சந்துக்குள் வந்தாள். குனிந்து துணி பிழிந்துகொண்டிருந்த நேவியா நிழல் தட்டி நிமிர்ந்தாள். வயதான அம்மாள் ஒருத்தி நிற்க முடியாமல் நிற்கிறாள் என்றுதான் பட்டது. சட்டென்று எழுந்து முக்காலியைத் துடைத்து நீட்டினாள்.

"உக்காருங்கக்கா."

சொன்ன பிறகுதான் ஆளைத் தெரிந்தது. நீலக்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இல்தே முக்காலியில் உட்கார்ந்து, தடியைச் சுவரில் சாய்த்து, மூச்சு வாங்கி முடித்தாள்.

"பரவால்லடி," என்றாள். "இனிமே அப்படியே கூப்புடு. உனக்கு மூத்தவளா ஒருத்தி வேணும்ல."

நேவியா இப்போதெல்லாம் அப்படித்தான் கூப்பிடுகிறாள். பேட்டையில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.